மலைத் தோட்டத்தில் நீலத் தழை ஜூனிபர்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலத் தழை கொண்ட ஊசியிலைச் செடியை வளர்க்கத் தொடங்குபவர் எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த நீலம் இலைக்குள் ஊறிய சாயம் அன்று. செடி தானே சுரந்து, தன் இலையின் மேல் பூசிக்கொள்ளும் மிக மெல்லிய மெழுகுப் படலம் அது. கருந்திராட்சையின் மேல் படிந்திருக்கும் வெண்மாவும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த மெழுகு மிகச் சிறிய குழாய்களாக நெருங்கிக் கிடப்பது தெரியும். அவற்றின் மேல் விழும் ஒளி சிதறித் திரும்புவதால், அடியிலுள்ள பச்சை நம் கண்ணுக்கு நீலமும் வெள்ளியும் கலந்த நிறமாகத் தோன்றுகிறது. நன்றாக வளர்ந்த கிளையில் ஒரே ஓர் இலையை மட்டும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த இடம் சாதாரணப் பச்சையாகிவிடும். முதிர்ந்த இலையில் அந்த நீலம் பழையபடி திரும்புவது அரிது. அடுத்த பருவத்தில் வரும் புதுத் தளிர்தான் மறுபடியும் நீலத்தோடு வரும்.

ஆகவே இந்தச் செடியைப் பராமரிப்பது என்பது, வேரைக் காப்பதற்கு அடுத்தபடியாக, அந்த மெழுகைக் காப்பதே ஆகும். வெயில் ஏன் வேண்டும், சேறு ஏன் தெறிக்கக் கூடாது, வேப்பெண்ணெயை ஏன் தெளிக்கக் கூடாது, யூரியாவை ஏன் தவிர்க்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் விடை இந்த ஒரு செய்தியில் இருக்கிறது.

எந்தச் செடி?

நீல ஊசியிலை என்றதும் பலர் முதலில் கேட்பது நீல ஸ்ப்ரூஸ் மரத்தைத்தான். அது வட அமெரிக்காவின் ராக்கி மலைகளைச் சேர்ந்தது. மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் குளிர்காலத்துக்குப் பழகியது. உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்தாலும், பகலில் வெயில் ஏறி மண் இளகிவிடுகிறது. இவ்வளவு மிதமான குளிர் அந்த மரத்தின் இயல்புக்குப் போதாது என்பதால், முதல் முறையாக வளர்ப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மொராக்கோ, அல்ஜீரியா நாடுகளின் அட்லஸ் மலைகளிலிருந்து வந்த நீல அட்லஸ் சிடார் மிக அழகானது. ஆனால் இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்து, அதற்கேற்ற அகலமும் கேட்கும். பெரிய இடம் உள்ளவர்களுக்கு, பூட்டானையும் அருணாச்சலப் பிரதேசத்தையும் தாயகமாகக் கொண்ட காஷ்மீர் சைப்ரஸ் பொருத்தமாக இருக்கும். பெயரில் காஷ்மீர் இருந்தாலும் அது ஈரமான மலைகளின் மரம்; தொங்கும் நீலச் சாம்பல் தழை மழையிலும் மூடுபனியிலும் கெடாது.

ஆயினும் உயரமான எந்த மரத்தையும் வீட்டருகே நடும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், வளர்ந்த மரம் கூரைக்கு ஆபத்தாகிவிட்டது என்று நினைத்த மாத்திரத்தில் அதை வெட்டிவிட முடியாது. விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து மரம் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள், 1848இல் அமைக்கத் தொடங்கப்பட்ட உதகை அரசு தாவரவியல் பூங்காவுக்கோ 1874இல் உருவான குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கோ ஒரு முறை போய், அங்குள்ள பழைய ஊசியிலை மரங்களின் அடிமரத்தையும் நிழல் விழும் பரப்பையும் பார்த்துவிட்டு வந்து முடிவெடுக்கலாம்.

சிறிய தோட்டத்துக்கு என் பரிந்துரை ‘ப்ளூ ஸ்டார்’ என்ற குட்டை ஜூனிபர். இதன் மூல இனம் இமயமலையிலும் சீனத்து மலைகளிலும் உயரமான சரிவுகளில் பாறைகளுக்கு நடுவே படர்ந்து வளர்வது. அந்த இனத்தில் ‘மேயரி’ என்ற நீல வகையை, அமெரிக்க வேளாண் துறைக்காகச் செடிகளைத் தேடித் திரிந்த ஃபிராங்க் மேயர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து கொண்டுசென்றார். 1950 வாக்கில் நெதர்லாந்தில், ஒரு ‘மேயரி’ செடியில் மட்டும் கட்டை குட்டையாகவும் மிக நெருக்கமாகவும் தழைத்த கிளையைக் கண்டு, அதை வெட்டி வேர்பிடிக்க வைத்தார்கள். அந்தக் கிளையின் வழிவந்ததே இன்று உலகெங்கும் விற்கும் ‘ப்ளூ ஸ்டார்’. ஆண்டுக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர்தான் வளரும். பத்து ஆண்டுகளில் இரண்டு, மூன்று அடி உயரமும் மூன்று, நான்கு அடி அகலமும் கொண்ட மேடு போன்ற புதராகும். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக் குளிரையும் தாங்குவது என்பதால், நம் மலைப் பனி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கோவையிலும் மதுரையிலும் இருக்கும் உறவினர்கள் ஒரு செடி கேட்டால் மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். சமவெளியின் வெப்பத்தில் அது நீடிப்பதில்லை.

இடம் பார்த்தல்

நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். மலையில் பிற்பகலில் மேகமும் மூடுபனியும் இறங்கிவிடுவது வழக்கம் என்பதால், காலை வெயில் தடையின்றிக் கிடைக்கும் கிழக்கு, தென்கிழக்குச் சரிவே சிறந்தது. நிழலில் வைத்த செடி உடனே செத்துவிடாது. கிளைகள் நெகிழ்ந்து நீண்டு, உள்பக்கம் மொட்டையாகி, நீலம் மெல்ல மங்கிச் சாம்பல் பச்சையாகிவிடும். அதன் பிறகு வெயிலுக்கு மாற்றினாலும் இழந்த வடிவம் திரும்ப வருவது கடினம்.

யூக்கலிப்டஸ், சைப்ரஸ், சீகை (வாட்டில்) மரங்களின் அடியில் நடக் கூடாது. நிழல் ஒரு காரணம்; மேல்மண்ணில் பரவும் அவற்றின் வேர்கள் ஜனவரிக்கு மேல் மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரத்தை முழுவதும் உறிஞ்சிவிடுவது இன்னொரு காரணம். கூரைத் தண்ணீர் கொட்டும் இடம், மேல் தோட்டத்து நீர் வந்து தேங்கும் மூலை, சாலைப் புழுதி படியும் வேலியோரம் ஆகியவையும் ஆகாது. சரிவு நிலத்தில் கல்கட்டின் மேல் விளிம்பை ஒட்டிய இடம் மிகவும் நல்லது. அங்கே தண்ணீர் தேங்காது, காற்று ஓடும், வளர்ந்த கிளைகள் கல்லின் மேல் வழிந்து இறங்கும்போது செடியின் முழு அழகும் தெரியும். உங்கள் நிலம் சோலைக்காட்டையோ புல்வெளியையோ தொட்டுக்கொண்டிருந்தால், வெளிநாட்டுச் செடி எதையும் அந்த எல்லையில் நடாமல் வீட்டை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். இந்த மலைகள் சீகையாலும் உண்ணிச்செடியாலும் ஏற்கெனவே பட்டது போதும்.

நர்சரியில் பார்க்க வேண்டியவை

‘நீல ஜூனிபர்’ என்ற ஒரே பெயரில் பல வகைகளை விற்கிறார்கள். ‘ப்ளூ ஸ்டார்’ செடியை அடையாளம் காண, ஒரு கிளை நுனியைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் மூன்று மூன்றாகக் குட்டை ஊசிகள் சூழ்ந்திருக்கும். ஊசியின் உட்புறம் வெள்ளைப் பட்டையோடு பளிச்சென்றும், வெளிப்புறம் சற்றுப் பச்சை தூக்கலாகவும் இருக்கும். நுனியிலிருந்து நேராகப் பார்த்தால் அந்த உட்புறங்களே நட்சத்திரம் போல விரிந்து தெரியும். தொட்டால் குத்தும். மெத்தென்று இருந்தால் அது வேறு செடி.

பிறகு கருப்புப் பாலிதீன் பையைச் சற்றே விலக்கி வேரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். மெதுவாக வளரும் செடி என்பதால் விலை குறைவாக இருக்காது, பார்த்து வாங்குவது உங்கள் உரிமை. வேர் நுனிகள் வெளுப்பாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து கையோடு வந்தால், அல்லது அழுகல் வாடை அடித்தால், மேலே தழை எவ்வளவு நீலமாக இருந்தாலும் அந்தச் செடி வேண்டாம். பையின் அடியில் வேர் பல சுற்றுச் சுற்றி இறுகிக் கிடப்பதும் நல்லதன்று. நிழல் வலைக்கு அடியில் வளர்ந்த செடியை வீட்டுக்குக் கொண்டுவந்தால், முதல் வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்து, இரண்டாம் வாரம் நேரத்தைக் கூட்டி, அதன் பிறகே நட வேண்டும்.

நடும் பருவம்

மழை தொடங்கியதும் எல்லாவற்றையும் நட்டுவிடுவது மலையில் பழக்கம். இந்தச் செடிக்கு அந்தப் பழக்கம் எல்லா ஊரிலும் பொருந்தாது. அடைமழையில் நட்ட செடியின் அறுபட்ட வேர்கள் புது வேர் விடுவதற்குள் நீரில் ஊறி அழுகக்கூடும். நீலகிரியின் மேற்குப் பக்கமான நடுவட்டம், எமரால்டு, அவலாஞ்சி சுற்றுவட்டாரத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் என்பதால், அது தணியும் செப்டம்பரில் நடலாம். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளில் அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழையே வலுவானது; அங்கே ஜூன், ஜூலையின் மிதமான ஈரத்தில் நட்டுவிட்டால், பெருமழைக்கு முன் செடிக்கு மூன்று மாத அவகாசம் கிடைக்கும். உதகை நகரத்தை ஒட்டியவர்கள் இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். மழை இரண்டு நாள் விட்டிருக்கும் சமயமாகப் பார்த்துக்கொண்டால் போதும். பிப்ரவரி, மார்ச்சில் நடுவதாக இருந்தால் தண்ணீர் வசதியும் விடாத கவனமும் வேண்டும்.

மண்ணும் நடவும்

நடவு சரியாக அமைந்துவிட்டால் பிற்பாடு செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. சரியாக அமையாவிட்டால் பிறகு செய்வது எதுவும் பெரிதாக உதவாது. அதனால் இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள்.

இம்மலைகளின் செம்மண் பெரும்பாலும் களித்தன்மையும் மிகுந்த அமிலத்தன்மையும் உடையது. காரட், உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயிகள் அமிலத்தைத் தணிக்க டாலமைட் சுண்ணாம்பு இடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜூனிபர் லேசான அமில மண்ணை விரும்பி ஏற்கும். ஆனால் கார அமிலக் குறியீடு 5-க்கும் கீழே போகும் மண்ணில் தயங்கி வளரும். தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் வழி கேட்டு மண்ணைப் பரிசோதித்துக்கொண்டு, தேவை என்று தெரிந்தால் மட்டும் நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே டாலமைட்டைக் கலந்து வையுங்கள். கண் மதிப்பில் அள்ளிப் போட வேண்டாம்.

அமிலத்தைவிடப் பெரிய பகை தேங்கும் தண்ணீர்தான். இடத்தைச் சோதிக்க, ஒரு அடி ஆழத்தில் சிறு குழி தோண்டி, நீர் நிரப்பி, அது வடிந்த பின் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் மூன்று, நான்கு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் நேரடியாக நடலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், அங்கே குழியில் நடவே கூடாது. இப்படிப்பட்ட களிமண்ணில் பெரிய குழி தோண்டி மணலும் உரமும் நிரப்பி நடுவதைப் பலரும் செய்கிறார்கள். சுற்றிலும் உள்ள களிமண் நீரை உள்ளே இழுக்காது. குழிக்குள் போட்ட பொலபொலப்பான மண் மட்டும் மழைநீரை வாங்கித் தேக்கிக்கொள்ளும். செடி தன் வேர்களோடு அந்தத் தேக்கத்தில் நிற்கும். அதற்கு மாறாக, தரைமட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரமும் மூன்று, நான்கு அடி அகலமும் உள்ள மேடு கட்டி, அதன் உச்சியில் நடுங்கள். மேட்டுக்கு, தோட்டத்துச் செம்மண் இரண்டு பங்கு, கழுவிய பருமணல் அல்லது சிறு ஜல்லி ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு போதும். எம்-சாண்ட் பயன்படுத்தினால் அதிலுள்ள மாவுத் தூள் போகும்வரை அலச வேண்டும். அந்தத் தூள் மண்ணின் இடைவெளிகளை அடைத்துவிடும். தேங்காய் நார்க்கழிவை இதில் சேர்க்க வேண்டாம். மழைக்கால மலையில் அது பிடித்துவைக்கும் ஈரம் இந்தச் செடிக்கு மிகுதி. மேட்டின் மேற்சரிவுப் பக்கம் பிறை வடிவில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால், மேலிருந்து வரும் மழைநீர் செடியைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும்.

மண் வடிகால் உள்ளதாக இருந்தால், வேர்க்கட்டியின் உயரமே ஆழமாகவும், அதைப்போல இரண்டு மடங்கு அகலமாகவும் குழி எடுங்கள். முந்தைய நாளே செடிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தால் பையைக் கிழிக்கும்போது மண் உதிராது. சுற்றிய வேர்கள் இருந்தால் விரலால் பிரித்துவிட வேண்டும். பிரிக்க முடியாத அளவு இறுகியிருந்தால் பக்கவாட்டில் மூன்று இடங்களில் கூரிய கத்தியால் மேலிருந்து கீழாக அரை அங்குல ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். செடியைக் குழியில் இறக்கும்போது, தண்டு வேராகப் பிரியத் தொடங்கும் இடம் சுற்றியுள்ள தரையைவிட இரண்டு விரல் உயர்ந்தே இருக்க வேண்டும். மண் அமுங்கும்போது செடி சற்றுத் தாழும் என்பதால் இந்த உயரம் அவசியம். கழுத்தளவு மண் மூடிய ஜூனிபர் தோல் அழுகிச் சாகும். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, கையால் அழுத்தி, காலால் மிதிக்காமல், ஒரு பூவாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒன்றுக்கு மேல் நடுவதாக இருந்தால் நாலடி இடைவெளி விடுங்கள். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நடுவில் வெறுமையாகத் தெரியும்; லாவெண்டர், ஜெரேனியம் போன்ற குட்டைச் செடிகளை அங்கே வைத்து நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் ஜூனிபரின் மேல் சாயாதபடி அவற்றைத் தள்ளியே வைக்க வேண்டும்.

நடும்போது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழுவுரத்தை இடுவது வேரழுகலுக்கு எதிரான தடுப்பாக உதவும். அழுகல் வந்த செடியை அது மீட்காது.

தண்ணீர், மூடாக்கு, உரம்

நட்ட முதல் ஆண்டில் மழை நின்ற பிறகு, குறிப்பாக ஜனவரி முதல் கோடை மழை வரும் வரை, வாரம் ஒரு முறை வேர் முழுவதும் நனையும்படி ஊற்ற வேண்டும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மூன்றாம் ஆண்டு முதல், வறட்சி நீண்டால் மட்டும் ஊற்றினால் போதும். ஊற்றுவது காலையில், அடியில். மாலையில் தழையை நனைத்துவிட்டால் மலைக் குளிரில் அது விடியும்வரை காயாது.

செடியைச் சுற்றி இரண்டு அங்குலக் கனத்துக்குச் சிறு ஜல்லி பரப்புவதை நான் வலியுறுத்துவேன். மழைத்துளி மண்ணில் அறைந்து செஞ்சேறு தெறித்தால் அடிக்கிளைகளின் மெழுகு அதோடு போகும். சேற்றோடு சேர்ந்து பூஞ்சை வித்துகளும் மேலேறும். பைன் சருகும் மூடாக்குக்கு உதவும், ஆனால் கோடையில் எளிதாகத் தீப்பிடிப்பது என்பதால் வீட்டுச் சுவரையொட்டி அதைப் பரப்ப வேண்டாம். எதைப் போட்டாலும் தண்டிலிருந்து ஒரு கை அகலம் விலகியிருக்கட்டும்.

உரம் அதிகம் தேவையில்லை. கோடை மழையோடு புதுத் தளிர் கிளம்பும் ஏப்ரல், மே மாதத்தில் நன்றாக மக்கிய சாண எருவை ஓர் அங்குலக் கனத்துக்கு வட்டமாக இட்டால் ஓராண்டுக்குக் காணும். யூரியா போன்ற தழைச்சத்து உரங்கள் கிளைகளைத் தளர்வாக நீட்டிவிடும். அந்த நீண்ட தளிரில் நீலமும் குறையும், நோயும் எளிதில் ஏறும். பச்சைச் சாணம் ஆகவே ஆகாது.

பனிக்காலத்தில் இளம் தேயிலைச் செடிகளைத் தாகை என்னும் காட்டுச்செடியை வெட்டி மூடிவைப்பது நீலகிரியில் வழக்கம். பக்கத்தில் நிற்கும் ஜூனிபருக்கும் சேர்த்து மூடிவிட வேண்டாம். அதற்குப் பனியால் தீங்கில்லை; மூடியவை உரசுவதால்தான் மெழுகு போகும், உள்ளே காற்றோட்டமும் கெடும். குளிர் மிகுந்த வாரங்களில் தழை லேசாக மங்கினாலோ ஊதா கலந்தாலோ அது பருவத்தின் மாற்றம், கோடையில் தெளிந்துவிடும்.

கவாத்து

தேயிலைத் தோட்ட வேலைக்குப் பழகிய கைகள் இந்தச் செடியிடம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தேயிலையைக் கட்டை வரைக்கும் கவாத்துச் செய்தாலும் சில வாரங்களில் அது துளிர்த்துவிடும். ஜூனிபர் அப்படியன்று. இலையுதிர்ந்து பழுப்பாகிப்போன முதிர்ந்த கட்டையில் உறங்கும் மொட்டுகள் இல்லை. அந்த இடம்வரை வெட்டினால் அது என்றைக்கும் மொட்டையாகவே நிற்கும். தோட்ட வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், “அண்ணா, இந்தச் செடியில மட்டும் கத்தி வைக்காதீங்க, நானே பார்த்துக்கறேன்” என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

‘ப்ளூ ஸ்டார்’ தானாகவே ஒழுங்காக வளர்வதால் ஆண்டு முழுவதும் வெட்டாமல் விட்டாலும் குறையில்லை. பாதையில் நீட்டிய கிளையைக் குறைக்க வேண்டுமானால், புதுத் தளிர் வருவதற்கு முன், மார்ச் மாத வறண்ட நாள் ஒன்றில், அந்தக் கிளையின் உட்பக்கம் பச்சையோடு இருக்கும் ஒரு பக்கக்கிளையைத் தேடி, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டுவாயைப் பக்கக்கிளையின் தழை மறைத்துவிடும். வேலிச் செடியைச் சமன் செய்வது போல மேலோட்டமாகச் சீவக் கூடாது. எப்போதாவது மற்றவற்றைவிட வேகமாக, நீளமாக ஒரு கிளை நிமிர்ந்து கிளம்பினால், மூலச் செடியின் குணம் திரும்புகிறது என்று கொண்டு அதை அடியோடு எடுத்துவிடுங்கள். ஊசிகள் கீறினால் சிலருக்குத் தோல் தடிக்கும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

பழுப்பு நிறம் தெரிந்தால்

எல்லாப் பழுப்பும் நோயன்று. செடியின் உள்ளே, வெயில் படாத இடத்தில் பழைய ஊசிகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது இந்த வகையின் இயல்பு. வறண்ட நாளில் கையுறை போட்டுக் கிளையை விலக்கி, காய்ந்தவற்றை உதிர்த்துவிட்டால் உள்ளே காற்று ஓடும். நீலத் தழையைப் பிடிக்காமல் கிளையின் அடிப்பகுதியைப் பிடித்து விலக்குங்கள்.

வறட்சி மாதங்களில் தழை முழுவதும் புழுதி படிந்தது போல மங்கினால் சிவப்புச் சிலந்திப் பேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை நாலைந்து முறை தட்டுங்கள். தாளில் மிளகுத் தூளைவிடச் சிறிய புள்ளிகள் விழுந்து, சிறிது நேரத்தில் ஊரத் தொடங்கினால் அவைதான். முதல் மருந்து தண்ணீர்: காலை வேளையில் ஹோஸ் குழாயால் கிளைகளுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி வேகமாகப் பீய்ச்சி, வாரத்துக்கு இரண்டு முறை என மூன்று வாரம் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து, ஒரு வாரம் பொறுத்து, அந்தக் கிளை கருகாமல் இருந்தால் மற்றவற்றுக்கும் தெளிக்கலாம்.

எந்தப் பூச்சிக்கும் வேப்பெண்ணெய் தெளிப்பது நம் வீட்டுத் தோட்டங்களில் ஊறிப்போன வழக்கம். ரோஜாவுக்கும் காய்கறிக்கும் அது நல்லதே. நீல ஊசியிலைச் செடிக்கு மட்டும் வேப்பெண்ணெயோ வேறு எந்த எண்ணெய்க் கரைசலோ ஆகாது. எண்ணெய் அந்த மெழுகைக் கரைத்துவிடுவதால் ஒரே தெளிப்பில் செடி முழுவதும் பச்சையாகி, புதுத் தளிர் வந்து மூடும் வரை அப்படியே நிற்கும். எண்ணெயோடு சேர்க்கும் சோப்புக் கரைசலையும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்து ரோஜாவுக்குத் தெளிக்கும்போது ஒரு சாக்கை நடுவே பிடித்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் இளந்தளிர்களின் நுனி மட்டும் வெளிறி, பழுத்து, சாம்பல் நிறமாகக் காய்ந்து, காய்ந்த பகுதியும் பச்சையும் சேரும் இடத்தில் சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் அது நுனிக்கருகல் பூஞ்சை. மழை விட்ட நாளில், காய்ந்த இடத்துக்கு ஒரு விரல் கீழே வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்து, வெட்டியவற்றை எரித்துவிடுங்கள். பரவினால் காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தெளிக்கலாம்.

ஒரு பக்கக் கிளைகளோ செடி முழுவதுமோ நீலம் மங்கி, பிறகு வைக்கோல் நிறமாக மாறுவது வேரழுகலின் அடையாளம். தழையில் அது தெரியும்போது வேர் பெரும்பாலும் போயிருக்கும். செடியை வேரோடு அகற்றி, அதே இடத்தில் இன்னொரு ஜூனிபரை வைக்காமல், வடிகாலைச் சரிசெய்து வேறு இடத்தில் தொடங்குவதே வழி. தரையை ஒட்டிய ஓரிரு கிளைகள் மட்டும் திடீரென்று கருகினால், நாய் சிறுநீர் கழிக்கும் இடமா என்று பாருங்கள். நிறைய நீர் ஊற்றி அலசி, சிறு கம்பி வலை வைத்தால் தீரும்.

குத்தும் தழை என்பதால் கடமானும் காட்டெருமையும் இதைப் பெரிதாகத் தீண்டுவதில்லை. ஆனால் கொடைக்கானலிலும் குன்னூரிலும் தோட்டத்துக்குள் வந்துபோகும் காட்டெருமையின் குளம்பு பட்டால் குட்டைச் செடி தாங்காது. அதன் நடைதடத்தில் நடாமல் இருப்பதே பாதுகாப்பு. புதிதாக நட்டதைக் குரங்கு பிடுங்கிப் பார்க்கும் இடங்களில் முதல் இரண்டு மாதம் முள்கிளைகளைச் சுற்றி ஊன்றி வையுங்கள்.

தொட்டியில் வளர்த்தலும் புதுச்செடி எடுத்தலும்

நிலம் இல்லாதவர்கள் பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குல மண்தொட்டியில் வளர்க்கலாம். மேட்டுக்குச் சொன்ன அதே கலவைதான்; மணலை மட்டும் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். தொட்டியை நேராகத் தரையில் வைக்காமல் மூன்று செங்கல் துண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும்; அடித்துளை அடைபட்டால் நிலத்தில் நடப்பதைவிட வேகமாகத் தொட்டியில் வேர் அழுகும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே எடுத்து, ஓரத்து வேர்களைச் சிறிது நறுக்கி, புது மண் இட்டு வையுங்கள்.

விதையிலிருந்து இந்த நீலம் வராது. கட்டிங் ஒன்றே வழி. வடகிழக்கு மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில், அந்த ஆண்டு வளர்ந்து சற்று முதிர்ந்த பக்கக்கிளையை மூன்று, நான்கு அங்குல நீளத்தில், தாய்க்கிளையின் பட்டை சிறிது குதிகால் போல ஒட்டி வரும்படி கீழ்நோக்கி இழுத்து எடுங்கள். அடியில் ஓர் அங்குலத்துக்கு ஊசிகளை நீக்கி, வேர் விடத் தூண்டும் பொடியில் தொட்டு, கழுவிய பருமணல் நிரப்பிய தட்டில் ஊன்றி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மணல் ஈரமாக இருக்க வேண்டும், நீர் நிற்கக் கூடாது. வேர் விட மூன்று, நான்கு மாதங்கள் பிடிக்கும்; அதற்குள் பச்சையாகவே இருப்பதைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று எண்ணி இழுத்துப் பார்க்காதீர்கள், ஜூனிபர் துண்டு வேரில்லாமலேயே பல வாரங்கள் வாடாமல் நிற்கும். நுனியில் புதுத் தளிர் நீள்வதோடு, மெல்ல அசைத்தால் மண்ணில் பிடிப்பும் தெரிந்தால் தனித்தனிப் பைகளுக்கு மாற்றலாம். அவற்றை இரண்டு ஆண்டுகள் பையிலேயே வளர்த்து, அரை அடி அகலம் வந்த பிறகு நிலத்துக்குக் கொண்டுபோகலாம்.